வாங்க ஆள் எத்தனை பேர்? டொமைன் மறுவிற்பனை: வாசகர் கேள்வி-பதில்

அகராதியில் இருக்காது, ஆனால் ஒரு கம்பெனிக்குப் பெயராக வைத்தால் பொருந்திவிடும். அப்படிப்பட்ட இணையப் பெயர்களை வாங்கி வைத்து விற்பதைப் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "என் பெயர் எவ்வளவு போகும்?" வாசகர்கள் அனுப்பிய பெயர்களை இங்கே அச்சிடவில்லை, விற்பனைக்கு இருக்கும் சரக்கை நாங்கள் விமர்சித்து அச்சில் போட்டால் அவர்களுக்குத்தான் இடைஞ்சல்.

நானே யோசித்த நாற்பது டாட் காம் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கிறேன். இலவச மதிப்பீட்டுக் கருவி ஒன்றில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் 1,200 முதல் 1,900 டாலர் வரை காட்டுகிறது. இரண்டு வருடமாக ஒரு விசாரிப்புகூட வரவில்லை. எங்கே தவறு?
– வாசகர், திருப்பூர்

கருவி காட்டும் தொகையை விலை என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. பத்திர ஆபீஸில் உங்கள் மனைக்கு ஒரு வழிகாட்டி மதிப்பு இருக்கிறது என்பதற்காகப் பதிவுத்துறையே வந்து அந்தத் தொகைக்கு மனையை வாங்கிக்கொள்ளாது. இதுவும் அப்படித்தான்.

அந்தக் கருவிகள் பெயரைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. ஒவ்வொரு துண்டையும் மாதத்துக்கு எத்தனை பேர் தேடுகிறார்கள், அதற்கு விளம்பர ரேட் என்ன, அதே துண்டு உள்ள பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின, எத்தனை எழுத்து என்று கூட்டிக் கழிக்கின்றன. 'சென்னை கேட்டரிங்' மாதிரி பொருள் சொல்லும் பெயருக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். புதிதாகப் புனைந்த சொல்லை யாரும் தேடுவதில்லை, விளம்பர ரேட்டும் கிடையாது. கருவிக்குப் பிடிமானமே இல்லை. எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொல்கிறது. நல்ல புனைபெயருக்கு 200 டாலரும் உருப்படாத பெயருக்கு 1,800 டாலரும் ஒரே நாளில் காட்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். டாட் காமில் மட்டும் 15 கோடிக்கு மேல் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அப்படியிருந்தும் நீங்கள் தேடிய அன்று அந்தப் பெயர் காலியாகக் கிடைத்தது என்றால், அதுவரை உலகத்தில் யாரும் அதற்காகப் பத்து டாலர் செலவழிக்க விரும்பவில்லை என்று அர்த்தம். வியாபாரிகளுக்கு இடையே அதன் விலை அன்றைக்குப் பூஜ்யம். பிற்பாடு ஒரு கம்பெனி தேடி வந்து நல்ல விலை கொடுக்கலாம். ஆனால் அது அந்த ஒரு ஆளைப் பொறுத்தது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ரின்யூவல் ஒரு பெயருக்கு 1,200 ரூபாய் என்றால் நாற்பதுக்கும் சேர்த்து வருடம் 48,000 ரூபாய். இந்தத் தொழிலில் நூறு பெயருக்கு வருடத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு விற்பதைத்தான் சுமாரான ஓட்டம் என்பார்கள். நூற்றுக்கு ஒன்று என்றே வையுங்கள். நாற்பது பெயரில் ஒன்று விற்க இரண்டரை வருடம் ஆகும். அதற்குள் 1,20,000 ரூபாய் போயிருக்கும். அந்த ஒன்று 2,000 டாலருக்குப் போய், தரகு 20 சதவீதம் கழிந்தால் 1,600 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 1,36,000. மிச்சம் 16,000 ரூபாய். விற்ற பெயர் சுமாராக இருந்து 1,500 டாலருக்குப் போயிருந்தால் கைநஷ்டம்.

அடுத்த ரின்யூவல் வருவதற்குள் நாற்பதையும் கீழே உள்ள கோவை வாசகர் பதிலில் இருக்கும் சோதனைகளுக்கு உட்படுத்துங்கள். பத்துப் பெயர் தேறினால் அதிகம். மற்றதை விட்டுவிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. முதல் வருடம் தள்ளுபடி விலையில் கிடைத்த பெயருக்கு இரண்டாம் வருடம் முழு விலை கேட்பார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

கருவியை நம்ப வேண்டாம் என்கிறீர்கள். அப்படியானால் நானே மதிப்பிடுவது எப்படி? ஆறு எழுத்தில் ஒரு புனைபெயர் வைத்திருக்கிறேன், டாட் காம்.
– வாசகர், கோவை

முதலில் காதுக்கு ஒரு சோதனை. ஐந்து பேருக்கு போன் செய்யுங்கள். பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்; எழுத்துக்கூட்டிச் சொல்லக் கூடாது. கேட்டதை ஆங்கில எழுத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நான்கு பேராவது நீங்கள் பதிந்த அதே எழுத்துகளில் அனுப்பினால் பெயர் தேறியது. மூன்று பேர் என்றால் விலையில் பாதியை அப்போதே கழித்துவிடுங்கள். சறுக்குகிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: 'க்' ஒலிக்கு சியா கேயா, 'ஃப்' ஒலிக்கு எஃப்பா பி-எச்சா, எஸ்ஸா இசட்டா, ஐயா ஒய்யா இரட்டை ஈயா. இரண்டு சொல்லை ஒட்டிய பெயர் என்றால் ஒட்டிய இடத்தைப் பாருங்கள். முதல் சொல் முடியும் எழுத்திலேயே அடுத்த சொல் தொடங்கினால், கேட்பவர் ஒரு எழுத்தை விழுங்கிவிடுவார். 'கிராஸ்' என்பதோடு 'ஸ்டோர்' சேர்த்தால் மூன்று எஸ் வரிசையாக நிற்கும்; எத்தனை பேர் மூன்றையும் அடிப்பார்கள்?

வேண்டுமென்றே உயிரெழுத்தைத் தின்ற பெயர்களுக்கும் இதே நோய்தான். ஃப்ளிக்கர் பிரபலமான காலத்தில் கடைசி 'ஈ'யை எடுத்துவிடுவது நாகரிகமாக இருந்தது. இப்போது அப்படிப்பட்ட பெயரைப் பார்த்தாலே 'ஒழுங்கான ஸ்பெல்லிங் கிடைக்கவில்லை போலிருக்கிறது' என்றுதான் தோன்றும். ட்விட்டர்கூட ஆரம்பத்தில் உயிரெழுத்தே இல்லாமல் ஐந்து எழுத்தில் இருந்த பெயர். பிறகு முழுச் சொல்லுக்கு மாறியது.

அடுத்து ஒலியமைப்பு. நம் இலக்கணக்காரர்களுக்கு இது எளிது: மெய், உயிர், மெய், உயிர் என்று மாறி மாறி வரும் பெயர் எந்த நாட்டு நாக்கிலும் உட்காரும். ஸோஹோ அந்த வார்ப்புக்குச் சரியான உதாரணம். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, இரண்டு அசை. அட்வென்ட்நெட் என்ற கம்பெனி 2009-ல் அந்தப் பெயருக்கு மாறியது. ஒய்யையும் மெய்யாகக் கணக்கிட்டால் இந்த வார்ப்பில் நான்கு எழுத்துப் பெயர்கள் மொத்தமே 11,025தான் இருக்க முடியும். எல்லாவற்றையும் எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஐந்து எழுத்தில் (மெய்யில் முடிவது) 2,31,525 வரும். உங்கள் ஆறெழுத்தில் பதினோரு லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கை ஏற ஏற, வாங்குபவர் 'இது இல்லையென்றால் இன்னொன்று' என்று போய்விட முடியும். எழுத்து குறைந்தால் விலை ஏறுவதற்கு அழகைவிட இந்தக் கணக்கே காரணம். ஆனால் நாவில் புரளாத ஐந்தெழுத்தைவிட, தெளிவான இரண்டு சொல் சேர்ந்த பத்தெழுத்து மேல்.

மூன்றாவது சோதனைதான் முக்கியம்: இந்தப் பெயரை எத்தனை பேர் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள்? நம் ஆட்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 'யாருக்குமே இல்லாத பெயர், அதனால் உசத்தி' என்கிறார்கள். மறுவிற்பனையில் அது பலவீனம். அதே பெயரை டாட் நெட், டாட் ஐஓ, டாட் கோ, டாட் இன் என்று எத்தனை முடிவுகளில் பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். லிங்க்டுஇன்னிலும் நம் கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் கம்பெனிப் பெயர்த் தேடலிலும் அந்தச் சொல்லைப் போடுங்கள். வெவ்வேறு தொழிலில் பத்துப் பதினைந்து சிறு கம்பெனிகள் அதை வைத்திருந்து, யாருக்கும் டாட் காம் இல்லையென்றால், உங்களிடம் இருப்பது நல்ல சரக்கு. அவர்களில் ஒருவர் வளர்ந்தாலும் உங்களிடம் வந்தாக வேண்டும்.

வளர்ந்த பிறகு வருவது வழக்கமும்கூட. டிராப்பாக்ஸ் முதலில் 'கெட்' ஒட்டிய முகவரியில்தான் நடந்தது. ஃபேஸ்புக் 'தி' ஒட்டிய பெயரோடு தொடங்கி, 2005-ல் இரண்டு லட்சம் டாலர் கொடுத்து ஒட்டில்லாத பெயரை வாங்கியது. டெஸ்லா பல வருடம் 'மோட்டார்ஸ்' ஒட்டியே ஓட்டியது. வெறும் டெஸ்லா டாட் காமுக்கு 1.1 கோடி டாலர் ஆனது என்று ஈலான் மஸ்க்கே 2018-ல் சொன்னார். முன்னால் 'கெட்', 'ட்ரை', பின்னால் 'ஆப்', 'எச்க்யூ' ஒட்டிய முகவரியில் உங்கள் பெயர் எங்காவது ஓடுகிறதா என்று தேடுங்கள். அவர்கள்தான் உங்கள் நாளைய வாடிக்கையாளர்கள்.

ஒரே ஒரு பெரிய கம்பெனி மட்டும் வைத்திருந்தால் கதையே வேறு. கீழே ஈரோடு வாசகருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கடைசியாக, பெயர் எத்தனை தொழிலுக்குத் தோதானது? 'டென்ட்' ஒட்டிய பெயரைப் பல் மருத்துவரைத் தவிர யார் வாங்குவார்? ஃப்ரெஷ்டெஸ்க் 2017-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆனதை நினைத்துப் பாருங்கள். 'டெஸ்க்' என்றால் வாடிக்கையாளர் சேவை மேசை. அதைத் தாண்டிப் பல மென்பொருள் விற்க ஆரம்பித்த பிறகு அந்தச் சொல் கையைக் கட்டுகிறது. எந்தத் தொழிலையும் குறிக்காமல், ஒரு நல்ல உணர்வை மட்டும் தருகிற பெயருக்கே வாங்குபவர் வட்டம் பெரிது.

இத்தனையும் தேறினால் ஆறெழுத்து டாட் காமுக்கு 2,000 முதல் 4,000 டாலர் வரை விலை எழுதலாம். காதுச் சோதனை மட்டும் தேறி, பயன்படுத்துவோர் யாருமில்லை என்றால் 1,000 டாலரை ஒட்டி எழுதிவிட்டுக் காத்திருங்கள்.

நேம்பயோ தளத்தில் பழைய விற்பனைகளைப் பார்த்து விலை வைக்கலாமா?
– வாசகி, சென்னை

வைக்கலாம், பார்க்கத் தெரிந்தால். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அங்கே வருவது வெளியே சொல்லப்பட்ட விற்பனைகள் மட்டும். பிராண்டபிள் பெயர்களை, அதாவது பிராண்டாக வைக்கத் தோதான பெயர்களை விற்கும் சந்தைகள் பெரும்பாலான விற்பனைகளை வெளியிடுவதில்லை. விற்காமல் கிடக்கும் பெயர்களோ எந்தப் பட்டியலிலும் வராது.

இரண்டு, எங்கே விற்றது என்ற கட்டம். காலாவதிப் பெயர்களின் ஏலத்தில் 180 டாலருக்குப் போனது என்றால் வாங்கியவர் பெரும்பாலும் இன்னொரு வியாபாரி. அது மொத்த விலை. ஆஃப்டர்னிக், செடோ போன்ற டொமைன் விற்பனைத் தளத்தில் போட்ட விலைக்கே போனது என்றால் வாங்கியவர் பெரும்பாலும் கம்பெனி நடத்துபவர். அது சில்லறை விலை. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் சர்வசாதாரணம். கோயம்பேட்டில் மூட்டைக்கு என்ன விலை, தெருவண்டியில் கிலோ என்ன விலை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாளைக்கே காசு வேண்டும் என்றால் மொத்த விலைதான் கிடைக்கும். சில்லறை விலை வேண்டுமென்றால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மூன்று, உச்சாணி விற்பனைகளை ஒதுக்கிவிடுங்கள். வாய்ஸ் டாட் காமை 2019-ல் மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம் 3 கோடி டாலருக்கு பிளாக் டாட் ஒன் என்ற கம்பெனிக்கு விற்றது. அகராதிச் சொல், ஐந்து எழுத்து, கையில் காசு புரளும் ஒரே ஒரு ஆள். அதைக் காட்டி உங்கள் பெயருக்கு விலை சொல்ல முடியாது. அதே எழுத்து எண்ணிக்கை, அதே ஒலி வார்ப்பு, அதே டாட் காம், கடந்த இரண்டு வருடம் என்று வடிகட்டி, இருபது விற்பனையாவது எடுத்து, நடுவில் நிற்கும் விலையைப் பாருங்கள். சராசரி எடுத்தால் ஒரே ஒரு பெரிய விற்பனை மொத்தத்தையும் தூக்கிவிடும்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் பதிந்தால் மதிப்பு உண்டா?
– வாசகர், மதுரை

சொல்லைப் பொறுத்தது. 'மலர்' என்றால் அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். 'தாழை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 'த'வுக்கு டி மட்டும் போடுபவர் உண்டு, டி-எச் போடுபவர் உண்டு. நெடிலுக்கு ஒரு ஏயா, இரண்டு ஏயா? ழகரத்துக்கு இசட்-எச், வெறும் இசட், எல் என மூன்று கட்சி. கடைசியில் ஏ-ஐயா ஏ-ஒய்யா? இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு: பெருக்கினால் 24 ஸ்பெல்லிங். அதில் ஒன்றை நீங்கள் வாங்குகிறீர்கள். போதாக்குறைக்கு, குறிலும் எல்லும் போட்டால் படிப்பவர் 'தலை' என்று படித்துவிடுவார். ழ, ள, ண, நெடில், இரட்டை மெய் உள்ள சொல்லைத் தவிர்ப்பது நல்லது. அழகான சொற்கள்தான், ஆனால் முகவரிக்கு ஆகாது.

ஸ்பெல்லிங் தகராறு அதிகம் இல்லாத குட்டிச் சொற்கள் அனேகமாக எல்லாம் போய்விட்டன. வேறு மொழிக்காரருக்கும் அது நல்ல ஒலியாக இருப்பதே காரணம். 'நிலா', 'கவி', 'மாயா' இவற்றைத் தமிழர் மட்டும் தேடுவதில்லை. தமிழ்ச் சொல் மறுவிற்பனையில் நிற்பதும் இதனால்தான்: பொருள் தெரியாதவரும் பெயராக வைத்துக்கொள்ள முடிந்தால் விலை உண்டு. நம் ஊர்க் கடைக்காரர் மட்டுமே வாங்குவார் என்றால் அவர் சொல்லும் விலை ஆயிரங்களில், அதுவும் ரூபாயில்தான் இருக்கும்.

முழுத் தமிழ் எழுத்திலேயே .இந்தியா, .சிங்கப்பூர், .இலங்கை என்ற முடிவுகள் இருக்கின்றன. மொழிப்பற்றுக்காகச் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குங்கள். மறுவிற்பனைச் சந்தை அங்கே இன்னும் உருவாகவில்லை. பல மென்பொருள்கள் அந்த முகவரியை எக்ஸ்-என் என்று தொடங்கும் குறியீட்டுச் சரமாகக் காட்டுவதும் ஒரு தடை.

பெயருக்கு நடுவில் கோடு அல்லது எண் இருந்தால்?
– வாசகர், கரூர்

பிராண்டபிள் சந்தையில் வாங்க ஆளில்லை. விட்டுவிடுங்கள்.

டாட் காம் கிடைக்கவில்லை. டாட் இன், டாட் ஏஐ, டாட் ஐஓ, டாட் கோ: எதில் முதலீடு செய்யலாம்?
– வாசகர், பெங்களூரு

தாங்கும் செலவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டாட் காமுக்கு, அதை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், நமக்குப் பெயர் பதிந்து தரும் ரெஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் மொத்தக் கட்டணம் 2021 வரை 7.85 டாலராக இருந்து, நான்கு தடவை ஏறி 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. அங்விலா தீவுக்குச் சொந்தமான டாட் ஏஐ-யைப் பதிவதென்றால் குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும். வருடக் கணக்கில் டாட் காமைப் போல ஐந்தாறு மடங்கு. ஆகவே டாட் ஏஐ-யில் ஐம்பது பெயர் வைத்துக்கொண்டு காத்திருப்பது கட்டுப்படியாகாது. ஒரே சொல், அகராதிச் சொல், செயற்கை நுண்ணறிவோடு இயல்பாகப் பொருந்தும் சொல் என்றால் மட்டும் கை வைக்கலாம். புனைபெயருக்கு டாட் ஏஐ போட்டு விற்பது கடினம். புனைவதுதான் புனைகிறோம், டாட் காம் காலியாக இருக்கும் இன்னொன்றைப் புனைந்துகொள்ளலாமே என்று வாங்குபவர் நினைப்பார்.

டாட் ஐஓ-வில் புதிதாகப் பெரிய தொகை போட நாங்கள் சொல்ல மாட்டோம். அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் குறியீடு. சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் 2025 மே மாதம் பிரிட்டன் கையெழுத்திட்டதிலிருந்து அந்த முடிவின் எதிர்காலம் கேள்விக்குறிதான்.

டாட் கோ-வுக்கு ஒரு பாடம் உண்டு. ஓவர்ஸ்டாக் என்ற அமெரிக்க இணையக் கடை 2010-ல் ஓ டாட் கோ என்ற ஒற்றை எழுத்து முகவரியை 3,50,000 டாலருக்கு வாங்கி, விளம்பரமெல்லாம் அந்தப் பெயரிலேயே செய்தது. பார்த்தவர்களில் பலர் பழக்கதோஷத்தில் ஓ டாட் காம் என்று அடித்தார்கள். ஓ உட்படப் பெரும்பாலான ஒற்றை எழுத்து டாட் காம்கள் பதிய முடியாமல் ஒதுக்கி வைக்கப்பட்டவை என்பதால் அங்கே ஒன்றுமே இல்லை. கடை பழைய பெயருக்கே திரும்பியது.

டாட் இன் இந்தியாவுக்குள் தொழில் செய்பவருக்கு நல்ல முகவரி. ஆனால் புனைபெயரை டாட் இன்னில் வைத்து டாலரில் விலை எதிர்பார்க்காதீர்கள். அதே பெயரின் டாட் காம் யார் கையில் என்று முதலில் பாருங்கள். அது ஒரு வியாபாரியிடம் தூங்கிக்கொண்டிருந்தால், அவர் கேட்கும் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு உங்கள் டாட் இன் போகலாம். அது உயிரோட்டமுள்ள கம்பெனியிடம் இருந்தால் விலையும் இல்லை, வம்பும் உண்டு.

ஒரு பிரபல கம்பெனியின் பெயரோடு 'பே' சேர்த்துப் பதிந்திருக்கிறேன். அவர்கள் பணப்பரிமாற்றத்தில் இறங்கினால் என்னிடம்தானே வர வேண்டும்?
– வாசகர், ஈரோடு

வருவார்கள். வக்கீல் நோட்டீஸோடு வருவார்கள்.

டாட் காம் தகராறுகளுக்கு யூடிஆர்பி என்ற நடைமுறை 1999-லிருந்து இருக்கிறது. புகார் கொடுப்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் தன் வணிகக்குறியோடு ஒத்திருக்கிறது, பதிந்தவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்தும் பயன்படுத்தியும் இருக்கிறார். உங்கள் விஷயத்தில் மூன்றையும் உங்கள் கேள்வியே ஒப்புக்கொள்கிறது. ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவர் முன் புகார் கொடுக்க அவர்களுக்கு ஆகும் கட்டணம் 1,500 டாலர். அதற்கு மேல் உங்களுக்கு ஏன் கொடுப்பார்கள்? டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்று தனி நடைமுறை. அதில் கெட்ட நோக்கத்தோடு பதிந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ, இரண்டில் ஒன்றைக் காட்டினாலே போதும் என்பதால் இன்னும் இறுக்கம். டொமைன் பெயரும் வணிகக்குறி போலப் பாதுகாக்கப்பட வேண்டியதே என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லிவிட்டது. 'சிஃபி'க்கு நெருக்கமாக ஒலித்த 'சிஃபிநெட்' என்ற பெயரைப் பற்றிய வழக்கு அது.

ஆகவே பதிவதற்கு முன் இந்திய வணிகக்குறிப் பதிவேட்டின் பொதுத் தேடலிலும் அமெரிக்கப் பதிவேட்டிலும் பெயரைப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 45 வகுப்புகள். பொதுவான சொல்லைப் பலர் பல வகுப்பில் வைத்திருந்தால் பயமில்லை. புனைந்த சொல்லை ஒரே கம்பெனி வைத்திருந்தால் கிட்டே போகாதீர்கள். அவர்கள் குறி உருவாவதற்கு முன்பே நீங்கள் பதிந்தது என்றால் உங்கள் பக்கம் வலு அதிகம். பதிவுத் தேதி தெரியும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் அப்போதும் நீங்களாகப் போய் 'வாங்கிக்கொள்கிறீர்களா' என்று அந்தக் கம்பெனிக்கு மெயில் எழுத வேண்டாம். கெட்ட நோக்கத்துக்குச் சாட்சியாக அந்த மெயிலையே காட்டுவார்கள்.

இந்தப் பெயரை ரின்யூ செய்யாமல் விடுங்கள்.

என் பெயருக்கு 12,000 டாலர் தருவதாக வெளிநாட்டிலிருந்து மெயில். குறிப்பிட்ட ஒரு தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்பினால் போதும் என்கிறார்.
– வாசகர், நாகர்கோவில்

அந்தத் தளமும் அவருடையதே. சான்றிதழுக்குக் கட்டும் காசுதான் அவர் குறி. கட்டிய பிறகு மெயிலுக்குப் பதில் வராது. உண்மையில் வாங்குகிறவர் யாரும் விற்பவரிடம் சான்றிதழ் கேட்பதில்லை. 'உங்கள் பெயரைச் சீனாவில் வேறொருவர் பதியப் பார்க்கிறார், உடனே பதியுங்கள்' என்று வரும் மெயிலும் இந்தக் குடும்பமே.

காலாவதியான பெயர்களை ஏலத்தில் எடுப்பது புதிதாகப் பதிவதைவிட மேலா?
– வாசகர், திருச்சி

பொதுவாக மேல். யாரோ ஒருவர் பல வருடம் காசு கட்டி வைத்திருந்த பெயர். சோதனை ஒன்று ஏற்கெனவே நடந்துவிட்டது.

டாட் காம் காலாவதியானதும் உரிமையாளருக்கு அதிகபட்சம் 45 நாள் வரை ரெஜிஸ்ட்ரார் அவகாசம் தருவார். அந்தக் காலத்திலேயே நல்ல பெயர்களை ஏலம் விட்டுவிடுவது வழக்கம். ஏலத்தில் போகாதவை நீக்கப்பட்டு 30 நாள் மீட்புக் காலத்தில் இருக்கும். பிறகு 5 நாள் கழித்து முழுதாக விடுபடும். ஏலத்தில் ஜெயித்த பிறகும் பழைய உரிமையாளர் அவகாசத்துக்குள் ரின்யூ செய்துவிட்டால் பெயர் அவருக்கே. பணம் திரும்ப வரும். அதுவரை அந்தப் பெயரை யாருக்கும் விற்பதாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஏலம் கேட்பதற்கு முன் வில்லங்கம் பாருங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பெயரைப் போட்டு வருடத்துக்கு ஒரு பக்கமாவது திறந்து பார்க்க வேண்டும். ஐந்து வருடம் ஒரு சிறு கம்பெனியின் தளம், பிறகு வெற்றுப் பக்கம் என்றால் சுத்தம். நடுவில் திடீரென்று வேறு மொழியில் சூதாட்டப் பக்கமோ மருந்து விற்பனையோ தெரிந்தால் விலகிவிடுங்கள். கூகுளில் 'சைட்' என்று போட்டு, முக்காற்புள்ளிக்குப் பின் பெயரை அடித்தால் மிச்சமிருக்கும் பக்கங்களின் தலைப்பு தெரியும். ஸ்பாம்ஹவுஸ் தடைப்பட்டியலையும் பாருங்கள். அதில் சிக்கிய பெயரிலிருந்து போகும் மெயில் ஸ்பாமில்தான் விழும். வாங்கும் கம்பெனி ஒரு வாரத்தில் கண்டுபிடித்துக் காசைத் திருப்பிக் கேட்கும்.

முதல் முறையாக நிஜமான விசாரிப்பு வந்திருக்கிறது: 'வாட்ஸ் யுவர் பிரைஸ்?' என்று ஒரே வரி. என்ன பதில் எழுத? காசு எப்படி வாங்க?
– வாசகி, சேலம்

ஒரு நாளுக்குள் பதில் எழுதுங்கள். பெயர் தேடுபவர் கையில் பத்துப் பெயர் இருக்கும். தாமதமானால் வேறொன்றோடு போய்விடுவார். எழுதுவதற்கு முன் அவருடைய மெயில் முகவரியைப் பாருங்கள். கம்பெனி முகவரி என்றால் அவர்கள் இப்போது எந்தப் பெயரில் இயங்குகிறார்கள் என்று தெரிந்துவிடும். உங்கள் பெயரையே ஏதோ ஒட்டுப் போட்டு வைத்திருந்தால் விலையில் உறுதியாக நிற்கலாம். புதிதாகத் தொடங்குபவர் என்றால் இறங்கி வருவது நல்லது.

'உங்கள் பட்ஜெட் என்ன?' என்று திருப்பிக் கேட்பதில் பயனில்லை. நூறு டாலர் என்பார்கள். ஒரு தொகையை எழுதுங்கள். 2,500 கிடைத்தால் திருப்தி என்றால் 3,200 எழுதி, 'ஒரு வாரம் வரை இந்த விலை' என்று முடியுங்கள். பெயரின் பெருமைகளைப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம். பிடித்ததால்தானே விசாரித்தார்? மொத்தமாகக் கட்ட முடியாது என்றால் பன்னிரண்டு மாதத் தவணைக்குச் சம்மதிக்கலாம். கடைசித் தவணை வரும்வரை பெயர் சந்தைத் தளத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

விலை படிந்ததும் எஸ்க்ரோ (பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் சேவை) மூலம்தான் போக வேண்டும். பேபால், கார்டு இரண்டும் வேண்டாம். பேபாலில் 180 நாள் வரை வாங்கியவர் தகராறு எழுப்பலாம், பெயர் போன பிறகு காசும் போகும். ஒப்பந்தத் தொகையும் எஸ்க்ரோ கட்டணம் யார் தலையில் என்பதும் மெயிலில் எழுத்தாக இருக்கட்டும். அவர் அனுப்பும் இணைப்பைத் தொடாமல், எஸ்க்ரோ தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். அச்சு அசலாகப் போலித் தளங்கள் உண்டு. 'பணம் வந்துவிட்டது' என்று உங்கள் கணக்கிலேயே தெரிந்த பிறகுதான் பெயரைக் கிளப்ப வேண்டும்.

இருவரும் ஒரே ரெஜிஸ்ட்ராரில் இருந்தால் அவருடைய கணக்குக்கு 'புஷ்' செய்துவிடலாம், சில நிமிட வேலை. வேறு ரெஜிஸ்ட்ராருக்கு என்றால் இடமாற்றப் பூட்டை எடுத்து, ஆத் கோடு (இடமாற்றத்துக்கான ரகசியக் குறியீடு) வாங்கி, எஸ்க்ரோ தளத்தின் வழியாகவே கொடுங்கள். ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். பெயரை நீங்கள் பதிந்தோ வேறிடத்திலிருந்து மாற்றியோ 60 நாள் ஆகவில்லையென்றால் பூட்டு திறக்காது. அப்படியானால் இப்போதே அவரிடம் சொல்லி, உங்கள் ரெஜிஸ்ட்ராரிலேயே அவரை ஒரு கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். உரிமையாளர் பெயரையோ மெயிலையோ இந்த நேரத்தில் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அதனாலும் 60 நாள் பூட்டு விழலாம்.

டாலர் வந்ததும் வங்கி எதற்கான பணம் என்று நோக்கக் குறியீடு கேட்கும். விற்பனை மெயில், எஸ்க்ரோ ரசீது இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.